பக்கத்து சீட்டு பிரேக்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: தன்னிடம் கற்றுக்கொண்டவர்கள், கொலைகாரர்கள். மூன்றாவது வகை கிடையாது.

டிரைவிங் ஸ்கூல் என்று பலகை தொங்கினாலும், ஸ்கூல் என்பது ஒரு கார், ஒரு அறை, ஒரு மேஜை, அவ்வளவுதான். அறைச் சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட பெரிய படம் ஒன்று இருந்தது. ஜன்னல் வெயில் பட்டுப்பட்டு அதிலிருந்த சிவப்பெல்லாம் வெளிறி, 'நில்' என்ற குறிகூட 'முடிந்தால் நில்' என்று கெஞ்சுகிற மாதிரி ஆகியிருந்தது. காரில் முன்னும் பின்னும் எல் போர்டு. ஆசிரியர் உட்காரும் பக்கத்து சீட்டின் கீழே, பயிற்சி வண்டிகளில் வழக்கமாக இருப்பதுபோல, அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். அதை அவர் மிதிக்கிற மிதியைப் பார்த்துத்தான் மாணவர்கள் 'பிரேக் சார்' என்று பேர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவரே போனை எடுத்ததும் "பிரேக் சார் பேசறேன்" என்று ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்தில் இருப்பவருக்குத் தைரியம் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். பக்கத்தில் இருப்பவரை ஒரு நொடிகூட நம்பாமலிருப்பது அவர் சுபாவம். இரண்டும் ஒரே ஆளுக்குள் பல வருஷம் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தின. யாராவது நடுச்சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்க, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதால், அவர் ஆறுதல் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் வெளியே வேடிக்கை பார்ப்பார். அப்புறம், "அழுது முடிச்சாச்சா? சாவியத் திருப்பு" என்பார். ஊரில் பாதிப் பேர் இதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.

அவர் மனைவி பல் செய்கிறவள். ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், மெழுகும் பிளாஸ்டர் அச்சுமாக, முகம் தெரியாத மனிதர்களின் தாடைகளோடு பகல் பொழுதைக் கழிப்பவள். பல் வரிசையைப் பார்த்தே எந்த ஆள் கவலையில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

அறுபதை ஒட்டிய வயதில், தொழில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனையில், ரத்தத்தில் ஏதோ ஒரு எண் கூடியிருந்தது. எண்ணைத் துரத்திக்கொண்டு போனதில் ஸ்கேன் வந்தது, பயாப்ஸி வந்தது, கடைசியில் ஒரு டாக்டரம்மாவின் அறை வந்தது. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"புராஸ்டேட்ல கேன்சர் இருக்கு. வெளிய பரவலை. ஆனா சும்மா கவனிச்சுக்கிட்டு இருந்தா போதும்னு விடற வகையும் இல்லை. ஹார்மோன் ஊசி போடுவோம். அப்புறம் ரேடியேஷன், தினமும், சில வாரத்துக்கு. நடுவுல விடாம வந்தீங்கன்னா நல்லா வரும்னு நான் நம்பறேன்."

ஜன்னலுக்கு வெளியே எவனோ ஒருவன் ஒரு நீளமான காரை இரண்டு வண்டிகளுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். கேன்சர் என்ற சொல் காதில் விழுந்தபோது பிரேக் சாரின் கால் டாக்டரம்மாவின் அறைத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் மனைவிதான் கேட்டாள்.

வெளியே வந்து இருவரும் காரில் உட்கார்ந்தார்கள்.

"நம்பிக்கையோட இருக்கணும்னு சொன்னாங்கல்ல?" என்றாள் அவள்.

"சொன்னாங்க."

"அதுக்கு மாத்திரை ஏதாவது எழுதியிருக்காங்களா?"

அவர் மருந்துச் சீட்டைப் பார்த்தார். "இல்ல."

"அப்ப அது நம்ம வேலை போல. வண்டிய எடுங்க."

முதலில் ஊசி வந்தது. ஊசியோடு ஒரு வேடிக்கையும் வந்தது. திடீர் திடீரென்று அவருக்கு உடம்பு கொதித்தது. காது மடல் சிவந்து, கழுத்து நனைந்து, சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு ஃபேன் அடியில் போய் நிற்பார். சில வருஷத்துக்கு முன் மாதவிடாய் நிற்கிற காலத்தில் மனைவிக்கு இதே கொதிப்பு வந்தபோது, ஃபேனை முழு வேகத்தில் வைக்கிறாள் என்று குறைபட்டு, போர்வையைச் சுருட்டி, கட்டிலையும் இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனவர் அவர். போன கட்டில் திரும்பி வரவேயில்லை.

"ரொம்ப வேகுதோ?" என்று இப்போது அவள் வாசற்படியில் சாய்ந்து நின்று கேட்டாள். "குளிர்ல நடுங்கறேன், ஃபேனக் குறைன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டிருந்தாரே, அவரு எங்க?"

"அவரு செத்துட்டாரு. இன்னும் கொஞ்சம் வேகமா வை."

அந்த வார்த்தையை வீட்டில் அப்படி லேசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. இருவரும் சிரித்தார்கள். அந்த வாரமே அவள் அவருடைய கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் போட்டாள். அவர் தயங்கினார். ஊசி எதையெல்லாம் அடக்கி வைக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

"இல்ல... இனிமே அந்த விஷயமெல்லாம்..."

"எந்த விஷயம்? குறட்டையா? அது அப்படியேதான் இருக்கு, சுவரைத் தாண்டிக் கேக்குது." கட்டிலின் காலைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "கை இருக்குல்ல, பிடிச்சுக்கலாம். அதுக்கு ஊசி ஒண்ணும் பண்ணாது."

ரேடியேஷனுக்கு ஒரு விதி இருந்தது. மேஜையில் படுக்கும்போது மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பியிருந்தால்தான் குடலை மேலே தள்ளிவிட்டு, கதிர் பட வேண்டிய இடத்தில் மட்டும் படும். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீரைக் குடித்துவிட்டு, வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வர வேண்டும். மெஷினை இயக்குகிறவர், சிரிக்கத் தெரிந்தும் சிரிக்காத ஒரு மனிதர், வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "தொட்டி இன்னும் நிரம்பல சார், ஒரு டம்ளர் ஊத்திக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்.

ஆரம்பத்தில் பிரேக் சார் தானே ஓட்டிப் போனார். ஒரு நாள் அடிவயிறு முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு போனவர், சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. யாரும் சாகவில்லை. ஆனால், அவசரமாக ஒண்ணுக்கு வருகிறபோது ஸ்டியரிங்கைத் தொடுகிறவனும் குடித்துவிட்டுத் தொடுகிறவனும் ஒன்று என்பது அவருடைய முதல் நாள் பாடம். வீட்டுக்கு வந்து சாவியை மேஜையில் வைத்தார். "நான் ஓட்டற கேஸ் இல்ல இனிமே. கொலைகாரன் ஆயிட்டேன்."

மனைவியின் தம்பி உடனே வந்து நின்றான். "நான் இருக்கேன் அத்தான், எதுக்குக் கவலை?" ஒரு கையால் ஓட்டுவான், இன்னொரு கை பேசுவதற்கு. அவன் காரில் பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது. பிரேக் சார் வெறும் மிதியடியை மிதித்து மிதித்துக் கால் வலி கண்டார். மூன்றாவது திருப்பத்தில், "நிறுத்து மச்சான்" என்றார்.

"என்ன அத்தான், வாந்தி வருதா?"

"உயிர் போகுது. கேன்சருக்கும் கொஞ்சம் மிச்சம் வைடா."

வாடகைக் கார் இன்னும் மோசம். இண்டிகேட்டர் போடுவதைப் பற்றி அவர் நடத்திய வகுப்பை ஓட்டுநர் அடுத்த சிக்னல் வரை கேட்டார். பிறகு ஓரமாக நிறுத்தி, "சார், நீங்க இறங்கி நடந்தா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொட்டி எப்போதோ காலியாகியிருந்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் உபயம்.

"நான் ஓட்டறேன்" என்றாள் மனைவி.

வீட்டில் யாரும் பேசாத விஷயம் அது. கல்யாணமான புதிதில் அவர் அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். சில நாளிலேயே அவள் நடுரோட்டில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் கேட்டதற்கு, "நான் ஓட்டல. ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். ஓட்டினது உங்க கால்" என்றாள். அதற்கப்புறம் அவள் பஸ்தான். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மனைவி மழையில் பஸ் ஸ்டாப்பில் நிற்பதை ஊரே பார்த்தது.

இப்போது பழகுநர் லைசென்ஸ் வாங்கினாள். அதை வைத்துக்கொண்டு தனியாக ஓட்ட முடியாது, ஆசிரியர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆக, சட்டப்படி அவர் இல்லாமல் அவளால் ஓட்ட முடியாது. உடம்புப்படி அவள் இல்லாமல் அவரால் போக முடியாது. கல்யாணத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தச் சட்டமும் எழுதியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள அகலமான ரோட்டில் காலையில் பழகினாள். மெழுகில் பல் செதுக்குகிற கை, அவசரப்படவில்லை. க்ளட்ச்சை விடுவதுகூட அச்சிலிருந்து பல்லைக் கழற்றுகிற பக்குவத்தில்தான். கொஞ்ச நாளில், அதுவரை மச்சான் காரில் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தவரை ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி வழியிலேயே ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். பிரேக் சாரின் கால் மட்டும் மாறவில்லை. முன்னால் ஒரு காகிதம் பறந்தாலும் மிதித்தார். மிதித்த ஒவ்வொரு தடவையும் சீட் பெல்ட் அவருடைய நிரம்பிய அடிவயிற்றை ஒரு பிடி பிடித்தது. இத்தனை காலமும் அந்த பிரேக்கின் குலுக்கலை வாங்கிக்கொண்டவர்கள் மற்றவர்கள். அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் மிதித்தார்.

"காலை எடுங்க."

"சைக்கிள்காரன் வரான்."

"நானும்தான் பாக்கறேன். எனக்குக் கண்ணு இருக்கு."

ஒரு நாள் அதே மாதிரி இன்னொரு சைக்கிள்காரர், கிழவர், ரோட்டின் ஓரத்திலிருந்து மெதுவாக நடுவுக்கு வந்தார். அவள் பார்த்துவிட்டாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டும் இருந்தாள். பிரேக் சார் உடம்பின் முழு பாரத்தையும் காலில் இறக்கினார். கார் அறைந்த ஆணிபோல நின்றது. பின்னால் வந்த வேன் இடித்தது. பெரிய இடி இல்லை, பம்பர் கொஞ்சம் உள்ளே போகிற அளவுக்குத்தான். ஆனால் பெல்ட் வயிற்றில் அழுந்தியது. அவர் அடக்கி வைத்திருந்தது அடங்கவில்லை. தொடையில் சூடு பரவியது. நிறுத்தப் பார்த்தார். அது எந்த பிரேக்குக்கும் நிற்கிற சமாசாரமில்லை.

அவள் ஒரு தடவை அவர் பக்கம் பார்த்தாள். இறங்கினாள். சுற்றிக்கொண்டு வந்து, அவர் பக்கத்து ஜன்னலை முதுகால் மறைத்து நின்று, தன் பெரிய கைப்பையையும் தோளிலிருந்து இறக்கிக் கண்ணாடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

வேன்காரர் கத்திக்கொண்டே வந்தார். "ஏம்மா, இப்படியா நடுரோட்டுல பிரேக் போடுவாங்க? பழகறவங்கல்லாம் வீட்டு வாசல்லயே பழக வேண்டியதுதானே? உயிர வாங்கறதுக்குன்னே வராங்க!"

"தப்புதாங்க" என்றாள் அவள்.

"அந்த வாத்தியார் எங்க? உள்ள உக்காந்துக்கிட்டுத் தூங்கறாரா? அவரை இறங்கச் சொல்லுங்க!"

"அவருக்கு உடம்பு சரியில்ல. என் தப்புதான். பழகறேன், அவசரத்துல மிதிச்சுட்டேன்."

உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இறங்கி, "மிதிச்சது நான்" என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொல்ல எழுந்து நிற்க வேண்டும், எழுந்து நின்றால் பேண்ட் தெரியும். பிரேக் சார் உட்கார்ந்தே இருந்தார். தான் வாங்க வேண்டிய திட்டை இன்னொருவர் வாங்குவதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டு.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "போதும்" என்றார். "ரேடியேஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நாளையிலேர்ந்து போகல." அவள் சீட் உறையைக் கழற்றித் துவைத்துக் காயப் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். ஒரு நாள் விட்டதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், நாளைக்குக் கட்டாயம் வாருங்கள், தொடர்ந்து விட்டால்தான் சிக்கல் என்றார்கள்.

மறுநாள் காலை அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் தண்ணீர் பாட்டிலோடு கட்டிலருகே வந்து நின்றாள்.

"நேரமாகுது."

"சொன்னேனே, வரல."

"ஏன்?"

"ஏனா? பச்சப் புள்ள மாதிரி கார்ல..." அதற்கு மேல் போகவில்லை. "நீ வேற என் தப்புக்கு நடுரோட்டுல நின்னு திட்டு வாங்குற. எனக்கு எதுக்கு இந்தப் பொழப்பு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். அந்தத் தோரணை அவருக்கு எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது. எங்கே என்று புரிவதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

"அழுது முடிச்சாச்சா? சாவியத் திருப்பு."

குரல்கூட அவருடையதுதான். அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டயேவா?"

"வேற யாருகிட்டச் சொல்றது? இதைக் கேட்டு எத்தனை பேரு லைசென்ஸ் வாங்கியிருக்காங்க!"

"மறுபடியும் நனைஞ்சா?"

"துவைப்பேன். அந்த சீட்டுல யாரு யாரோ வாந்தி எடுத்திருக்காங்க, அதையே துவைச்சிருக்கோம். சீட்டு நனைஞ்சா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும்." பாட்டிலின் மூடியைத் திருகினாள். பாட்டிலை அவர் கையில் வைத்து அழுத்தினாள். "ஆளு இல்லாமப் போனா என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் எனக்கு இஷ்டமில்ல. குடிங்க."

அவர் குடித்தார். பாதியில் நிறுத்தி, "வேன்காரன்கிட்ட நானே சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா, சொல்லியிருக்கணும். மிச்சத்தையும் குடிங்க."

காரில் ஒரு ரப்பர் விரிப்பும் அதன் மேல் துண்டும் ஏற்கெனவே தயாராக இருந்தன. அவர் ஏறப்போனபோது கை நீட்டித் தடுத்தாள். "ஒரு கண்டிஷன். செருப்பக் கழட்டுங்க. காலை மேல தூக்கி, சம்மணம் போட்டு உக்காருங்க."

"ஆசிரியர் கால் பிரேக் பக்கத்துல இருக்கணும். அதுக்குத்தான் என்னை உக்காரச் சொல்லியிருக்கு."

"மேல வச்சுக்கிட்டும் இறக்கலாம். இறக்கறதுக்கு நடுவுல கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கும் பாருங்க, அந்த நேரத்துல நான் பிரேக் போட்டிருப்பேன்."

அவர் செருப்பைக் கழற்றினார்.

அன்றிலிருந்து, எல் போர்டு மாட்டிய கார் ஒன்றில் ஒரு பெரியவர் தவத்துக்கு உட்கார்ந்தவர்போல முன்சீட்டில் சம்மணமிட்டுப் போவதை அந்த வழிக் கடைக்காரர்கள் தினமும் பார்த்தார்கள். முதல் சில நாள் அவர் தன் முழங்கால்களை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் அவை தானாக இறங்கிவிடும். வேகத்தடை வரும் முன்பே அவள், "தூக்கிப் போடும், பிடிச்சுக்குங்க" என்று எச்சரிப்பாள். வேகத்தடையில் அவ்வளவு மெதுவாக ஏறி இறங்க அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரி வாசல் மேட்டில் ஒரு நாள் வண்டி நின்றுபோய், பின்னால் ஆறேழு ஹாரன் ஒரே சமயத்தில் அலறின. அவருக்கு உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது, வெளியே ஆலோசனை முட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் அடக்கினார்.

மெஷின்காரர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் தொட்டி கரெக்டா நிரம்பி வருதே சார், யாரு ஓட்டறது?" என்றார்.

"என் ஸ்டூடண்ட்" என்றார் பிரேக் சார். சொன்னபிறகு யோசித்துப் பார்த்தார். அது உண்மையா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

விரிப்பு இன்னொரு தடவை நனைந்தது. அவள் துவைத்தாள், அவர் பிழிந்து காயப் போட்டார். மறுநாள் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள். அசதியில் படியேற முடியாத நாளிலும், கொதிப்பில் சட்டை தெப்பமாக நனைந்த நாளிலும் போனார்கள். இப்படியே போய், போக வேண்டிய நாளெல்லாம் தீர்ந்தது.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கிற மாதங்களில் அவள் லைசென்ஸ் தேர்வுக்குப் போனாள். முதல் தடவை ரிவர்ஸில் கம்பத்தை முத்தமிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடி போனாள். பிரேக் சார் வெளியே மரத்தடியில் நின்றார், இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு. இம்முறை கம்பம் தப்பித்தது.

லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கிற நாளும் வந்தது. அவள்தான் ஓட்டினாள். கிளம்பும்போது அவர் சம்மணம் போட்டிருந்தார். நடுவில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. கண் விழித்தபோது கார் ஆஸ்பத்திரி வளாகத்தில் நின்றிருந்தது. இடது கால் எப்போதோ கீழே இறங்கி, பிரேக்குக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், செத்தாற்போலக் கிடந்தது.

"தூங்கிட்டேனா?"

"கடைவீதியிலயே."

"கடைவீதில ஒரே கூட்டமா இருந்திருக்குமே!"

"இருந்துச்சு" என்றாள்.

டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்து, எண் நன்றாக இறங்கியிருக்கிறது என்றாள். ஊசி இன்னும் கொஞ்ச காலம் தொடர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"குணமாயிடுச்சுன்னு வச்சுக்கலாமா?" என்று அவர் கேட்டார்.

"அந்த வார்த்தைய நான் சொல்றதுக்கு இன்னும் சில வருஷம் ஆகும் சார். ஆனா போற வழி சரி."

போகிற வழி சரியென்றால் வாத்தியார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் சமீபத்தில் கற்ற பாடம்.

காருக்குத் திரும்பி வந்ததும், அவர் அதன் முன்னால் குனிந்து எல் போர்டைக் கழற்றினார். பின்னாலும் போய்க் கழற்றினார். நாளைக்கு வேறு மாணவர் வருவார், மறுபடி மாட்டத்தான் வேண்டும். இருந்தாலும் கழற்றினார்.

"இனிமே நான் பக்கத்துல உக்காரணும்னு அவசியமில்ல. சட்டப்படி நீ தனியாவே ஓட்டலாம்."

"சட்டப்படி ஓட்டலாம்" என்று ஒத்துக்கொண்டாள் அவள். "ஏறுங்க."

ஏறினார். அவள் சாவியைத் திருப்பி, க்ளட்ச்சை விட்டாள். கார் ஒரு தடவை விக்கி, நின்றுவிட்டது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். பிரேக் சார் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே வேடிக்கை பார்த்தார்.

"சொல்லிடுங்களேன். வாய்வரைக்கும் வந்துடுச்சுல்ல."

"நான் ஒண்ணும் சொல்லல."

அவள் சாவியைத் திருப்பினாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்தார்.

"அடுத்த ஊசிக்கும் நீதான் ஓட்டற" என்றார்.

"அதுக்கடுத்ததுக்கும்" என்று சொல்லி அவள் கியரை மாற்றினாள்.